ஏழு பெண்களும் ஒரு கார்டு விசிலும்

சூரமங்கலம் ரயில்வே காலனியில் இன்பமேரியின் முகம் தெரியாதவர்கள் இருந்தாலும் இருப்பார்கள். அவள் குரல் தெரியாதவர்கள் கிடையாது. சேலம் ஜங்ஷன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அறுபத்தெட்டாம் வருடம் ஆபரேட்டராகச் சேர்ந்தவள். ரயில்வேக்கென்று தனியாக ஓடும் லைன்களில் ஒரு ஸ்டேஷனை இன்னொரு ஸ்டேஷனோடு கோத்துவிடுவது அவள் வேலை. வண்டி தாமதம், வேகன் தடம்புரண்டது, யாருக்கோ பிள்ளை பிறந்தது என்று ஊர்ச் சங்கதி எல்லாம் முதலில் அவள் காதில் விழுந்துதான் மற்றவர்களுக்குப் போகும். ஆனாலும் வாயைத் திறக்கமாட்டாள். அதனாலேயே அவளிடம் ஊரே பேசியது.

உட்கார்ந்த வேலை செய்கிறவளுக்கு நடக்கிற பைத்தியம் பிடித்ததுதான் வேடிக்கை. எழுபத்து நாலில் மூத்த பையனுக்கு மஞ்சள் காமாலை வந்து பிழைத்ததும், நேர்ந்துகொண்டபடி பங்கு மக்களோடு காவிச் சேலை கட்டி வேளாங்கண்ணிக்கு நடந்தாள். நாமக்கல் தாண்டுவதற்குள்ளேயே ஒரு விஷயம் அவளுக்குப் பொறுக்கவில்லை. கால் வீசி நடக்கும் ஆம்பிளைகள் கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விடுவார்கள். காலில் கொப்புளம் வந்த பெண்கள் பின்தங்கி, இருட்டில் ரோட்டோரமாக ஜெபமாலை சொல்லிக்கொண்டே பயந்து பயந்து வருவார்கள். மறுவருடம் அவள் பெண்களைத் தனி வரிசையாகப் பிரித்து, இருப்பதிலேயே மெதுவாக நடக்கிறவளை முன்னால் விட்டாள். எவளும் அவளைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். ஆம்பிளைகள் கேலி செய்தார்கள். தங்கும் இடத்துக்கு ஒருத்தி குறையாமல் ஒன்றாக வந்து சேர்ந்தது பெண்கள் வரிசை மட்டும்தான். கேலி செய்தவர்களில் இரண்டு பேர் சுளுக்கிய காலோடு பஸ் ஏறிவிட்டார்கள். அதை இன்பமேரி எங்கும் சொல்லிக்காட்டவில்லை. அவள் புருஷன் சவரிராயன்தான் போகிற இடமெல்லாம் சொன்னான். சவரிராயன் பாயின்ட்ஸ்மேன். தண்டவாளத்தை மாற்றிவிடுகிற வேலை செய்கிறவன், வீட்டில் மட்டும் எதையும் மாற்ற முயன்றதில்லை.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சௌந்திரம் எருமப்பட்டிக்காரி. விவசாயக் குடும்பத்துப் பெண். கொல்லிமலைக்குக் கீழே பிறந்தவள். ஆடிப் பதினெட்டுக்கு அவர்கள் குடும்பமே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு மலையேறி ஆற்றில் குளித்து அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு இறங்கும். கூப்பிட்டாள் என்று ஒரு வருடம் இன்பமேரியும் போனாள். அதன்பிறகு காலனிப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து, லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்வராயன் மலைக்குப் பழைய நடைபாதை வழியாக ஏறுவது வழக்கமாகிவிட்டது. காலையில் பூசைக்குப் போகவேண்டியவர்கள் போய்விட்டு வருவார்கள். மற்றவர்கள் அதுவரை இட்லி அவிப்பார்கள். இப்படிப் பல வருடம் ஓடியது.

பனிமலை ஆசை டெலிபோனில் வந்தது. அவசர வேலை இல்லாத ஷிப்டுகளில் ஆபரேட்டர்கள் லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள். மதராஸ், ஹவுரா என்று கைமாறிக் கைமாறி நியூ ஜல்பைகுரி ஸ்டேஷன் வரைக்கும் லைன் போகும். அங்கே ஒரு வங்காளி ஆபரேட்டர். வானம் தெளிவாக இருக்கிற நாளில் அவர், இன்றைக்கு மலை தெரிகிறது, ஜன்னல் வழியாக வெள்ளையாக நிற்கிறது என்பார். இவளுக்கு முகம் தெரியாத மனிதர் அவர், அவர் பார்க்கிற மலையையும் இவள் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் அதைச் சொல்லும் நாட்களில் இன்பமேரிக்கு வீடு போய்ச் சேரும்வரை நடை துள்ளும். டார்ஜிலிங் பக்கம் சந்தக்பு என்று ஒரு உச்சி இருக்கிறது, போக வர நாலு நாள் நடை, அதன்மேல் நின்றால் பனிமலை முழுசும் எதிரே தெரியும் என்று சொன்னவரும் அவர்தான்.

எண்பத்தேழில் அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள். போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். கூட ஆறு பேர் சேர்ந்தார்கள். அந்த மலைப்பக்கம் அப்போது தனி மாநிலம் கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. கடையடைப்பு, சாலை மறியல், கைது என்று பேப்பரில் வந்துகொண்டே இருந்தது. இன்பமேரி வாராவாரம் வங்காளி ஆபரேட்டரிடம் நிலவரம் கேட்டாள். அக்டோபரில் சற்று அமைதியாக இருக்கும், வருவதானால் அப்போது வாருங்கள், அடிவாரத்தில் போலீஸிடம் பேர் கொடுத்து அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் ஏறவேண்டும் என்றார் அவர்.

அந்த அனுமதி பெரிய காரியமில்லை. சூரமங்கலத்தில் வாங்கவேண்டிய அனுமதிதான் பெரிய காரியம். ஆறு வீட்டுக் கதவையும் தட்டவேண்டியிருந்தது. வாழப்பாடியிலிருந்து வந்து ரயில்வே ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்த வசந்தாமணியின் அண்ணன், இந்தி தெரிந்தவள் ஒருத்தி கூட வேண்டுமே என்பதற்காக ஒத்துக்கொண்டார். வசந்தாமணி அப்பாவுக்குத் தெரியாமல் இந்திப் பரீட்சை எழுதிய திருட்டுத்தனம் இத்தனை வருடம் கழித்து உதவியது. சௌந்திரத்தின் புருஷன் மருதாசலம்தான் மசியவில்லை. கூட்ஸ் வண்டியின் கடைசியில் கொடியும் விசிலுமாகப் போகிற கார்டு அவர். வெள்ளை யூனிபாரத்தில் ஒரு சுருக்கம் இருக்காது, பேச்சிலும் அப்படித்தான். ரயில்வேக்காரர் குடும்பத்துக்குக் கிடைக்கிற இலவச பாஸை அவர் எழுதிக் கொடுத்தால்தான் சௌந்திரம் வண்டி ஏறமுடியும். ஒரு மாதம் இழுத்தடித்துவிட்டு, ஒருநாள் அவரே இன்பமேரி வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்.

“ஏனுங்க மேரியம்மா, நான் பாஸ் எழுதிக் குடுக்கறனுங்க. ஆனா ஒண்ணு. ஏழு பேர்ல ஒருத்திக்கு ஒண்ணுன்னாலும், இந்தக் காலனில அப்பறம் எந்தப் பொம்பளையும் ஜோலார்பேட்டையத் தாண்ட மாட்டா. நானே தாண்ட உடமாட்டேன்.”

சொல்லிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து தன்னுடைய பழைய கார்டு விசிலை எடுத்துக் கொடுத்தார். கூட்டம் சிதறினால் ஊதிச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். மிரட்டலும் அக்கறையும் ஒரே மூச்சில் வந்தன. இன்பமேரி விசிலை வாங்கி வைத்துக்கொண்டாள்.

அவர் சொன்னதில் பொய்யில்லை என்பது அவளுக்குத் தெரியும். பிள்ளைப்பேற்றுக்கும் சாவுக்கும் கோயிலுக்கும் தவிர வேறெதற்கும் அந்தக் காலனிப் பெண்கள் ஊர்தாண்டியதில்லை. ஒரு பெண் தன் ஆசைக்காக, சும்மா ஒரு மலையைப் பார்ப்பதற்காக, வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவது அதுவரை நடக்காத சங்கதி. இது நல்லபடியாக முடிந்தால் பின்னால் இன்னும் பத்துப்பேர் வருவார்கள். இல்லையென்றால் யாரும் வரமாட்டார்கள். அவள் அன்றிலிருந்து இதை நினைத்துக்கொண்டேதான் தூங்கினாள்.

அடுத்தது உடை. முந்தின வருடம் கொல்லிமலையில் சேலை முள்ளில் மாட்டி சௌந்திரம் சறுக்கி விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டிருந்தாள். ஆகவே கால்சட்டை போடுவது என்று முடிவாயிற்று. நாற்பது வயதுப் பெண்கள் சேலம் கடைவீதியில் போய் எனக்கொரு கால்சட்டை கொடு என்று கேட்கமுடியுமா? இன்பமேரி ஒரு வழி கண்டுபிடித்தாள். அவளுக்குத் தன் மூளையைப் பற்றி அப்போது கொஞ்சம் கர்வமே வந்துவிட்டது. சவரிராயனுக்கு ரயில்வே கொடுக்கும் காக்கித் துணி பெட்டியில் கிடந்தது. வசந்தாமணியின் மாமாவிடமும் இருந்தது. சௌந்திரத்தின் தம்பி நாமக்கல்லில் லாரி ஓட்டுகிறவன், அவன் காக்கிப் பேன்ட் இரண்டு வந்தது. காலனி டெய்லர் உபகாரசாமி பேசாமல் ஏழு பேருக்கும் பேன்ட்டும் தொளதொளச் சட்டையும் தைத்துக் கொடுத்துவிட்டார். தோய்த்துக் கொடியில் போட்டால்கூடத் தெரியாது. எல்லா வீட்டுக் கொடியிலும் காக்கிதான் காய்ந்தது. சேலம் ஜில்லாவில் காக்கி என்றால் முதலில் லாரிக்காரர், அப்புறம் தபால்காரர், பாயின்ட்ஸ்மேன், பஸ் கண்டக்டர். போலீஸ்காரர் நினைவுக்கு வர நேரமாகும். நினைவுக்கு வராமலே போனதுதான் அவள் செய்த தப்பு.

ரயிலெல்லாம் சேலையில்தான் போனார்கள். அடிவாரமான மானேபஞ்சங்கில் சோதனைச் சாவடி அதிகாரி மரியாதையாகவே பேசினார். ஏழு பேர் பேரையும் எழுதிக்கொண்டு, முத்திரை குத்தின அனுமதிச் சீட்டைக் கொடுத்து, பாதையை விட்டு விலகவேண்டாம், பந்த் அறிவித்தால் உடனே இறங்கிவிடுங்கள் என்றார். முதல் நாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டே ஏறினார்கள். இரண்டாம் நாள் ஏற்றம் கடுமையாக இருக்கும் என்று தெரிந்ததும், தங்கின இடத்தில் காக்கியை மாட்டிக்கொண்டார்கள். ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பழுப்புக் கேன்வாஸ் ஷூ, காக்கிப் பேன்ட், காக்கிச் சட்டை, மெதுவாக நடப்பவள் முன்னால், ஒரே வரிசை, கடைசியில் கழுத்தில் விசிலோடு இன்பமேரி. தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

முதலில் வந்த குக்கிராமத்தில் ஆள் நடமாட்டமே இல்லை. அடுப்பில் புகை வந்துகொண்டிருந்தது. முற்றத்தில் பாதி உரித்த சோளக்கதிர் கிடந்தது. ஒரு ஜன்னல் சாத்திக்கொண்டது. வெட்கப்படுகிற ஜனங்கள் போல என்றாள் சௌந்திரம். அடுத்த ஊரிலும் அதே கதை. டீக்கடையில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது, கடைக்காரர் இல்லை. வசந்தாமணி இந்தியில் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டுபோனாள். மூன்றாவதாக, ஒரு குளத்துக்கு மேலே நாலைந்து வீடுகள் இருந்த இடத்துக்கு வந்தபோது பனிமூட்டம் இறங்கிவிட்டது. மழையும் தூறியது. சௌந்திரத்துக்குப் பழைய முழங்கால் வலி எடுத்து உடம்பு நடுங்க ஆரம்பித்தது. முன்னால் போன இரண்டு பேர் மூட்டத்தில் தெரியவில்லை. இன்பமேரி விசிலை எடுத்து ஊதினாள்.

கார்டு விசில் மைல் நீளக் கூட்ஸ் வண்டிக்குக் கேட்கிற விசில். மலை முழுக்க அது திரும்பத் திரும்பக் கேட்டது. அந்த இரண்டு பேரும் திரும்பி ஓடிவந்தார்கள். விசில் சத்தம் அடங்கியதும் மேலே சரிவிலிருந்து ஒரு கல் வந்து விழுந்தது. பிறகு இன்னொன்று. மூட்டத்துக்குள்ளிருந்து பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் இறங்கி வந்து வளைத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவன் இடுப்பிலும் வளைந்த கத்தி உறையில் இருந்தது. தாடி வைத்த ஒருவன் முன்னால் வந்து கேட்டதை வசந்தாமணி மொழிபெயர்த்தாள். எந்தப் படை என்று கேட்கிறான்.

இன்பமேரிக்கு முதலில் புரியவில்லை. படையா? நாங்கள் ரயில்வே என்று சொல்லச் சொன்னாள். வசந்தாமணி அப்படியே சொன்னாள். ரயில்வேக்கென்றே தனிப் போலீஸ் உண்டென்பது அவனுக்கும் தெரியும், அவன் முகம் இன்னும் இறுகியது. இன்பமேரி அவசரமாகப் பையைத் திறந்து அனுமதிச் சீட்டை எடுத்து நீட்டினாள். கீழே சாவடியில் மரியாதையாகக் கொடுத்த சீட்டு. அவன் அதிலிருந்த போலீஸ் முத்திரையைப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்தவனிடம் காட்டினான். அவர்கள் ஆளுக்கொரு அடி நெருங்கி வந்தார்கள்.

அந்த நேரத்தில் அவளுக்குக் கடவுள் நினைவு வரவில்லை. மருதாசலம்தான் நினைவுக்கு வந்தார். ஏழு வீட்டு வாசலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோயின. 

காப்பாற்றியது அவள் மூளையல்ல. சௌந்திரம் அதுவரை ஒரு கல்லில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். கத்தியைவிட, கல்லைவிட, இத்தனை வாலிபப் பையன்களுக்கு முன்னால் கால்சட்டையோடு உட்கார்ந்திருப்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. குளிர் வேறு. மூட்டையிலிருந்து சேலையை உருவி, எழுந்து நின்று, கால்சட்டைக்கு மேலேயே சுற்ற ஆரம்பித்தாள். களையெடுக்கப் போகும்போது எருமப்பட்டியில் கட்டுவதுபோல் கொசுவத்தைப் பின்னால் செருகி, முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகி, மிச்சத்தைத் தலையில் போட்டுக்கொண்டாள். யாரையும் பார்க்கவில்லை. வீட்டில் விளக்கு வைக்கிற நேரத்தில் செய்கிற காரியம்போலச் செய்தாள். இன்பமேரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு தானும் சேலையை எடுத்தாள். ஒவ்வொருத்தியாக ஏழு பேரும் மழையில் நின்று சேலை கட்டினார்கள்.

பையன்கள் முதலில் திகைத்தார்கள். அப்புறம் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் திரும்பிக்கொண்டார்கள். சாத்தியிருந்த கதவொன்று திறந்து ஒரு பெண் வெளியே வந்தாள். பெமா என்று பேர், அந்த வீட்டில் டீக்கடை வைத்திருப்பவள். சௌந்திரத்தின் முழங்காலையும் சேலையையும் பார்த்துவிட்டு அந்தத் தாடிக்காரனை அவள் பாஷையில் கிழிகிழியென்று கிழித்தாள். அதை மொழிபெயர்க்க யாரும் தேவைப்படவில்லை.

அடுப்படியில் உட்காரவைத்து, வெண்ணெய் போட்ட உப்பு டீ கொடுத்தாள் பெமா. அது தொண்டையில் இறங்கவில்லை, இருந்தாலும் ஏழு பேரும் குடித்தார்கள். சில வாரங்களுக்கு முன்னால் காக்கிக்காரர்கள் வந்து இந்த ஊர்ப் பையன்கள் இரண்டு பேரைக் கூட்டிப்போனார்கள், அவர்கள் இன்னும் திரும்பவில்லை, அதிலிருந்து காக்கி தெரிந்தால் கதவைச் சாத்துவோம், விசில் கேட்டால் ஓடுவோம் என்று சொன்னாள். அதில் ஒருவன் அவளுடைய கொழுந்தன்.

இன்பமேரியால் தலை நிமிர முடியவில்லை. அறுபத்தைந்தில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்தபோது அவளுக்கு இருபது வயது. சேலத்திலும் கடையடைப்பு, ரயில் மறியல். தெருவில் காக்கி நுழைந்த ஒரு சாயங்காலம், காலேஜில் படித்துக்கொண்டிருந்த அண்ணனை நெல் குதிருக்குப் பின்னால் ஒளித்துவைத்து, அவர்மேல் பழம்பாயைப் போட்டவள் அவள்தான். அந்தப் பயம் எப்படியிருக்கும் என்று தெரிந்தவள், அதே காக்கியை மாட்டிக்கொண்டு, விசிலும் ஊதிக்கொண்டு, அடுத்தவர் ஊருக்குள் நுழைந்திருக்கிறாள். அதை வசந்தாமணியை விட்டு பெமாவிடம் சொல்லச் சொன்னாள். அண்ணனுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று பெமா கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை, இப்போது ஆத்தூரில் வாத்தியாராக இருக்கிறார் என்றாள். பெமா அதைக் கேட்டுவிட்டு, இன்னும் ஒரு கோப்பை ஊற்றினாள்.

தாடிக்காரன் வாசலில் வந்து நின்று, நாளை மறுநாளிலிருந்து பந்த் என்றான். கீழே ரோடு மூடப்படும், எத்தனை நாள் என்று அவனுக்கே தெரியாது. உச்சி இங்கிருந்து ஒருநாள் ஏற்றம்தான். வேண்டுமானால் நாங்களே காலையில் கூட்டிப்போகிறோம், யாரும் உங்கள்மேல் கை வைக்கமாட்டார்கள் என்றான். கல் எறிந்ததற்கு அவன் கேட்ட மன்னிப்பு அதுதான்.

பெண்கள் எல்லோர் முகத்திலும் வெளிச்சம் வந்துவிட்டது. இனி பயமில்லையே. இன்பமேரி மட்டும் கணக்குப் போட்டாள். மேலே போனால் உயிருக்கு ஆபத்தில்லை, இந்தப் பையன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவான். ஆனால் ஏறிவிட்டால் இறங்க வழியில்லை. சூரமங்கலத்தில் ரேடியோவில் பந்த் என்று கேட்டதும் ஏழு வீட்டில் அடுப்பு எரியாது. சொன்ன தேதிக்கு வராத ஒவ்வொரு நாளும், மருதாசலம் சொன்ன வார்த்தை காலனியில் சட்டமாகிக்கொண்டே போகும். மறுநாள் காலையில் இறங்கிவிடுவது என்று சொன்னாள்.

சௌந்திரம்தான் முதலில் வாயைத் திறந்தாள். “ஏனுங்க்கா, இத்தனை தூரம் வந்துபோட்டு ஒருநா நடைக்குத் திரும்பறதாங்க? எங்க ஊட்டுக்காரருகிட்ட நான் எந்த மூஞ்சியோட சொல்லுவேன்? மலையப் பாத்தயான்னு கேட்டா, மூட்டத்தப் பாத்தேன்னு சொல்றதாங்க?”

“என்னைச் சொல்லு. மேரிதான் திருப்பிட்டான்னு சொல்லு.”

“சொல்லத்தானுங்க போறேன்.”

காலையில் மூட்டம் விலகும், பார்த்துவிட்டாவது இறங்கலாம் என்று காத்திருந்தார்கள். விலகவில்லை. பெமாவும் இன்னொரு பெண்ணும் துணைக்கு வந்தார்கள், அந்தப் பெண்கள் கூட இருந்ததால் வழியிலிருந்த ஊர்களில் கதவுகள் திறந்தன. நேற்று ஆளில்லாமல் கெட்டில் கொதித்த கடையில் இன்று பிள்ளைகள் எட்டிப் பார்த்துச் சிரித்தன. சாவடி கண்ணில் படும் திருப்பத்தில் பெமா நின்றுவிட்டாள், அதற்குமேல் அவள் வருவது அவளுக்கு நல்லதல்ல. இன்பமேரி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, கொழுந்தன் வந்துவிடுவான் என்று தமிழில் சொன்னாள். பெமாவுக்குப் புரிந்தது மாதிரிதான் இருந்தது. இறங்கின வழியெல்லாம் சொந்த ஆட்கள் ஒருத்தியும் இன்பமேரியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் நடந்ததால் அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை. அவளுக்கும்தான் அந்த மலை வேண்டியிருந்தது. மற்றவர்களைவிட அவளுக்கு அதிகமாக வேண்டியிருந்தது.

நியூ ஜல்பைகுரியில் வங்காளி ஆபரேட்டரை நேரில் பார்த்தாள். குரலுக்குச் சம்பந்தமில்லாத ஒல்லி மனிதர். அவர் லைனைப் பிடித்து, ஹவுரா, மதராஸ் என்று தட்டித் தட்டி சேலத்தைப் பிடித்துக் கொடுத்தார். ஏழு பேரும் பத்திரமாக இறங்கிவிட்டோம், வண்டி ஏறப்போகிறோம், வீட்டுக்கு வீடு சொல்லிவிடுங்கள் என்றாள் இன்பமேரி. எக்ஸ்சேஞ்சில் ஷிப்டில் இருந்த பெண் ஆளனுப்பிச் சொல்லிவிட்டாள்.

ஹவுரா ஸ்டேஷனில் வசந்தாமணி ஒரு இங்கிலீஷ் பேப்பர் வாங்கினாள். முதல் பக்கத்தில் மலையில் பந்த் என்று இருந்தது. ரோடுகள் அடைப்பு, வெளியூர்க்காரர்கள் ஆங்காங்கே சிக்கிக்கொண்டார்கள், எப்போது திறக்கும் என்று தெரியவில்லை. அவள் சத்தமாகப் படித்தாள்.  வண்டி கிளம்பினதும் சௌந்திரம், ஊரிலிருந்து கொண்டுவந்து யாருக்கும் கொடுக்காமல் கட்டிவைத்திருந்த கடலை உருண்டையில் கடைசி இரண்டை எடுத்து இன்பமேரியின் மடியில் வைத்தாள். ஜன்னலோர இடத்தையும் காலி செய்துகொடுத்தாள்.

சேலம் ஜங்ஷனில் வண்டி நின்றபோது பிளாட்பாரத்தில் காலனியே நின்றது. சவரிராயன் வரவேற்பதற்குப் பதில் முதலில் தலைகளை எண்ணினான், வேகன் எண்ணிப் பழகின பாயின்ட்ஸ்மேன் புத்தி. மருதாசலம் வெள்ளை யூனிபாரத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். ட்யூட்டிக்குப் போகிற வழியில் வந்திருந்தார். சௌந்திரம் இறங்கினதும் இறங்காததுமாக அவரிடம் முறையிட்டாள். உச்சிக்கு ஒருநாள் நடைதான் பாக்கி, பத்திரமாகக் கூட்டிப்போகிறோம் என்று அந்த ஊர்ப் பையன்களே சொன்னார்கள், அக்கா கேட்காமல் திருப்பிக் கூட்டிவந்துவிட்டார் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். காக்கியைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அதை ஏழு பேரும் ஹவுராவிலேயே பேசி முடித்திருந்தார்கள்.

இன்பமேரி கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மருதாசலத்திடம் நீட்டினாள். சௌந்திரம் சொல்வது நிஜம்தான், மலையைப் பார்க்கவில்லை, நான்தான் திருப்பினேன் என்றாள். அதை இத்தனை பேருக்கும் கேட்கும்படியே சொன்னாள். ஊரே பழகின குரல் அது.

மருதாசலம் விசிலைப் பார்த்தார், வாங்கவில்லை. “நீங்க சொல்லியுட்டது வந்து ஒரு நா கழிச்சுத்தானுங்க ரேடியோல பந்துன்னு சொன்னான்” என்றார். “நான் இருவது வருசமா கார்டா இருக்கறனுங்க. பச்சைக் கொடி ஆட்டறதுக்கு யாரு வேணும்னாலும் வருவாங்க. எதுத்தாப்ல ஒண்ணும் தெரியாதப்பவே வண்டிய நிறுத்தறதுக்குத்தானுங்க ஆள் கெடைக்கறதில்ல.”

இன்பமேரி கையை நீட்டியபடியே நின்றாள்.

“அது உங்ககிட்டயே இருக்கட்டுங்க. அடுத்த வருசத்துக்கும் பாஸ் எழுதோணுமல்லங்க. எங்க தங்கச்சியும் வாரேன்னு நிக்கறா.”

சொல்லிவிட்டு, கூட்ஸ் வண்டி காத்திருக்கிறது என்று யார்டு பக்கம் நடந்துவிட்டார். சௌந்திரம் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்பமேரி விசிலை முந்தானையில் முடிந்துகொண்டாள். இனிமேல் எந்த மலையிலும் அதை ஊதுவதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள், ஆனால் அதை இவரிடம் சொல்வானேன். பக்கத்திலிருந்த வசந்தாமணியிடம், அடுத்த முறை ஏழு பேருக்கும் பூப்போட்ட துணியில் தைக்கச் சொல்லவேண்டும் என்றாள். ஏழு பேர் இல்லை அக்கா, இப்பவே எட்டு என்றாள் வசந்தாமணி.